பழைய ரீவித் தொடர்களின் பின்கதைகள்: கூத்துப் பார்த்த கண்ணால் மகாபாரதம் பார்த்தவர்கள் வாங்க

களரிக்கரை (கல்லடி) எழுதியது:

பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் பற்றி ஒரு இழை திறக்க வேண்டும் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். 1988 ஒக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை தூரதர்ஷனில் ஞாயிறு காலைகளில் போன தொடர், மொத்தம் 94 அத்தியாயம். நம்ம பக்கத்தில் கனபேர் அதைப் பார்த்தது பின்னால் வந்த வீடியோ கொப்பியில்தான், டெக்கை வாடகைக்கு எடுத்து, கரண்ட் இல்லாத ஊரில் ஜெனரேற்றர் பிடித்து. ஹிந்தி ஒரு சொல் விளங்காது. ஆனாலும் முற்றத்தில் பாயில் இருந்த கிழவிகள் ஆளைக் கண்ட உடனேயே இவன் சகுனி, அந்தா விதுரன் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கதை அவர்களுக்கு ஏற்கெனவே கூத்து ஆடுகிற களரியில் இருந்து வந்திருந்தது.

எனக்குப் பேச வேண்டியது இதுதான். அந்தத் தொடரை எடுத்தவர்கள் பட்ட பாடும் கூத்துப் பழக்குகிற நம்ம அண்ணாவிமார் படுகிற பாடும் பல இடத்தில் ஒன்றாகவே இருக்கிறது. யாருக்கு எந்த வேடம், எந்தக் குரல், காட்டவே முடியாததை எப்படிக் காட்டுவது. அதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

கர்ணனாக வந்த பங்கஜ் தீர் முதலில் கர்ணன் இல்லை. அவரை எடுத்தது அருச்சுனனுக்கு. மறுகா சோப்ரா கூப்பிட்டு, அருச்சுனன் பெண்ணுடுப்பில் ஒளிந்திருக்கிற பிருகன்னளை வேடம் வரும், மீசையை எடுக்க வேண்டும் என்றிருக்கிறார். இவர் முடியாது என்றார். மீசை எடுக்க முடியாதவன் என்ன நடிகன் என்று அனுப்பிவிட்டார்கள். அருச்சுனன் ஃபிரோஸ் கானுக்குப் போனது, அவர் பிறகு தன் பெயரையே அர்ஜுன் என்று மாற்றிக்கொண்டார். சில மாதம் கழித்துக் கர்ணன் வேடத்துக்குப் பங்கஜைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அப்போதும் அவர் கேட்டது மீசையைப் பற்றித்தான். இதெல்லாம் அவரே பேட்டிகளில் சொன்னது. 2025 ஒக்டோபரில் அவர் காலமான செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் இந்த மீசைதான்.

தெரிந்தவர்கள் எழுதுங்கள். ராமாயணம், ஓஷின், நைட் ரைடர், எதுவானாலும் சரி.


படுவான்கரை (கொக்கட்டிச்சோலைப் பக்கம்) எழுதியது:

களரிக்கரை அண்ணன், நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினை சட்டம் கொடுக்கிற அன்றைக்கே, அதாவது யாருக்கு எந்த வேடம் என்று பகிர்கிற அன்றைக்கே, முடிந்துவிடும். பெண் பாத்திரத்துக்கும் ஆண்தான். திரௌபதைக்கு யார், சுபத்திரைக்கு யார் என்று அண்ணாவியார் குரலையும் உடம்பையும் பார்த்துச் சொல்லுவார், ஏட்டில் உன் பாட்டை வாங்கிக்கொண்டு போனால் மீசை போனது போனதுதான். பிருகன்னளைக்கு மீசை எடுக்கமாட்டேன் என்று ஒருத்தன் நின்றால் அவனுக்குச் சதங்கை கட்டவே மாட்டார்கள். சோப்ரா செய்தது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட முடியாது. ரீவி மகாபாரதம் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் கூத்துக்கு ஆள் குறைந்தது. வீட்டுக்குள்ளேயே கிருஷ்ணன் வந்துவிட்டால் விடிய விடியக் களரியைச் சுற்றி யார் இருப்பான்? உடுப்பும் மாறிவிட்டது. வடமோடிக் கூத்தில் அரசன் கரப்புடுப்பும் (வளையம் வைத்து விரிந்து நிற்கிற உடுப்பு) கெருடமும் (தலையணி) கட்டி வரும்போது வருகிற கம்பீரம் இப்போது சில இடங்களில் இல்லை, ரீவியில் கண்ட மாதிரி மினுங்கல் சட்டையும் அட்டைக் கிரீடமும் கேட்கிறார்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.


பாண்டிருப்புப் பெடியன் எழுதியது:

படுவான்கரை மாமா, உடுப்பு விசயத்தில் நீங்கள் சொல்வதோடு எனக்கு உடன்பாடுதான். ஆள் குறைந்தது ரீவியால் என்பதை ஏற்க ஏலாது. 1990 ஜூனில் அந்தத் தொடர் முடிகிற நேரத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று வயசானவர்களுக்குத் தெரியும். சண்டை திரும்பத் தொடங்கிய மாதம் அது. ஊரடங்கு, இடம்பெயர்வு, இரவில் வெளியே போக ஏலாது. கூத்து என்பது பொழுதுபட்டுத் தொடங்கி விடியக்காலம் முடிகிற கலை. இரவே பறிபோன ஊரில் அதை எப்படி ஆடுவது? அந்தக் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் பார்க்கக் கூடியதாக இருந்தது ரீவி மட்டும்தான். அதில் பற்றறியில் ஓடிய சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் சேர்த்தி.

எங்கள் ஊரில் திரௌபதை அம்மன் கோயில் சடங்கு 18 நாள். பாரதம் படிப்பு, வனவாசம், அருச்சுனன் தவம், கடைசியில் தீமிதிப்பு. தவநிலையில் அருச்சுனன் மரத்தில் ஏறும்போது கீழே நிற்கிற சனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரீவி வந்தும் அந்தச் சனம் குறையவில்லையே. பாண்டவர்களாக நிற்கிறவர்கள் விரதம் இருந்து நிற்கிறார்கள், அதைக் கும்பிடத்தான் சனம் வருகிறது.

பின்கதை ஒன்று நானும் தருகிறேன். வீமனாக வந்த பிரவீன் குமார் சோப்தி நடிகராக வந்தவரே இல்லை, தட்டெறிதல், சம்மட்டி எறிதல் வீரர். 1966இலும் 1970இலும் பாங்கொக் ஆசிய விளையாட்டில் தட்டெறிதலில் தங்கம். 1968 மெக்சிகோ, 1972 மியூனிக் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்காக எறிந்திருக்கிறார். கதாயுதத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் நடக்கிற நடையில் ஒரு பொய்யும் இல்லை, அதுதான் காரணம். 2022 பெப்ரவரியில் இறந்தார்.


ரிஸ்னா (சாய்ந்தமருது) எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் இந்த இழையைப் பார்த்ததும் உள்ளே வந்த காரணம் மகாபாரதத்துக்கு வசனம் எழுதினவர். ராஹி மாசூம் ரஸா. கங்கைக் கரையில் இருக்கிற காசிப்பூர்ப் பக்கத்து முஸ்லிம், உருதுவிலும் ஹிந்தியிலும் எழுதினவர். சோப்ரா முதலில் கேட்டபோது அவர் மறுத்திருக்கிறார். பிறகு ரஸாவின் பெயர் வெளியே வந்ததும், இதை எழுத ஒரு இந்துகூடக் கிடைக்கவில்லையா என்று சோப்ராவுக்குக் கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதங்களைப் பார்த்த பிறகுதான் ரஸா, நான் கங்கையின் மகன், இதை நானே எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். பீஷ்மரும் கங்கையின் மகன்தானே, அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

தொடரின் தொடக்கத்தில் வருகிற அந்தக் குரல், காலமே பேசுகிற மாதிரி, அந்த யோசனையும் ரஸாவுடையது என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பேசியவர் ஹரீஷ் பிமானி. ஆளின் முகம் ஒரு அத்தியாயத்திலும் வராது. கல்முனைப் பக்கத்தில் நாங்கள் எல்லாரும் பக்கத்து ஊர்தான், ஒரு ஊரின் பாங்கு மற்ற ஊருக்குக் கேட்கும், கோயில் உடுக்கும் கேட்கும். அதனால் ஒரு முஸ்லிம் மகாபாரதம் எழுதினது எனக்குப் புதினமாகப் படவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிய வேண்டிய விசயம் என்று நினைக்கிறேன்.

மறுகா, பல நாட்டுக்காரர் ஆங்கிலம் படிக்க வருகிற வகுப்பைப் பற்றின லண்டன் சிரிப்புத் தொடர் மைன்ட் யுவர் லேங்குவேஜ் ஞாபகம் இருக்கிறவர்கள் யார்? தலைப்பாகை கட்டிக்கொண்டு ரஞ்சித் சிங்காக வருவாரே, அல்பேர்ட் மோசஸ், அவர் பிறந்தது நம்ம கம்பளையில். இலங்கையில் பிறந்தவர் லண்டனில் போய்ச் சீக்கியராக நடித்து உலகம் முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார். 1977 கடைசியில் தொடங்கி 1979 வரை போன தொடர், பார்க்க ஆள் நிறைய இருந்தும் நிறுத்தினார்கள். நிலையத்தில் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட், ஒவ்வொரு நாட்டுக்காரரையும் ஒரே அச்சில் காட்டுகிறது புண்படுத்துகிறது என்று நினைத்ததுதான் காரணம். எனக்கு அந்தத் தொடர் பிடிக்கும், அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 1986இல் திரும்பவும் கொஞ்சம் எடுத்தார்கள், பழைய ருசி வரவில்லை.


அக்கரை வயர்மேன் (அக்கரைப்பற்று) எழுதியது:

ரிஸ்னா தங்கச்சி சொன்ன ரஸா கதை அருமை. நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்பதால் எனக்கு எப்போதும் யோசனை, இதை எப்படிச் செய்தான் என்றுதான் போகும்.

நைட் ரைடரில் கார் தானாக ஓடுமே. உள்ளே ஆள் இருக்கிறான். சாரதி ஆசனத்தின் உறைக்குள்ளேயே ஒளிந்து இருந்து ஓட்டுவான், வெளியே இருந்து பார்த்தால் வெறும் சீட். அந்தக் காரின் குரல் வில்லியம் டேனியல்ஸ். அவர் அந்த நாட்களிலேயே இன்னொரு தொடரில் டொக்டராக நடித்துக்கொண்டிருந்தார், தன் பெயர் எழுத்தில் வர வேண்டாம் என்று அவரே கேட்டதால் பெயர் போடவில்லை. டேவிட் ஹசல்ஹோஃபும் அவரும் ஒன்றாக நின்று பேசியதே இல்லை, தொடர் தொடங்கி மாதக்கணக்கில் போன பிறகுதான் ஆளை ஆள் கண்டார்கள். நாங்கள் நண்பர்கள் என்று நம்பினது முழுக்க எடிட்டிங் மேசையில் செய்தது.

அதற்கும் முந்தினது ஸ்டார் ட்ரெக், 1966. ஆளைக் கரைத்து இன்னொரு கிரகத்தில் இறக்குவார்களே, அது வந்ததே காசு இல்லாததால். ஒவ்வொரு கிழமையும் கப்பல் தரையிறங்குவதைக் காட்டப் பணம் காணாது. அந்த மினுக்கம், அலுமினியத் தூளைக் கறுப்புப் பின்னணிக்கு முன்னால் வெளிச்சத்தில் கொட்டிப் படம் பிடித்தது. தானாகத் திறக்கிற கதவு? பின்னால் நின்று ஆள் இழுப்பான். டொக்டர் மெக்கோயின் சத்திரசிகிச்சைக் கருவிகளில் சில, கடையில் வாங்கின உப்புப் போத்தல். ஒரு அத்தியாயத்தில் உப்புப் போத்தலாகக் காட்டத்தான் வாங்கினார்கள், ஆனால் பார்க்கிறவனுக்கு உப்புப் போத்தல் மாதிரியே தெரியவில்லை என்று அதைக் கதையில் வருகிற கப்பலின் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ராமானந்த் சாகரின் ராமாயணமும் அப்படித்தான். 1987 ஜனவரி 25 தொடங்கினது, குஜராத்தில் உம்பர்காவ்ன் என்கிற கடற்கரை ஊரில் எல்லாரும் தங்கி இருந்து எடுத்தார்கள். மேகத்துக்குப் பஞ்சு, மூடுபனிக்கு ஊதுபத்திப் புகை என்று சாகரின் மகன் சொல்லியிருக்கிறார். கையில் காசு நிறைய இருந்திருந்தால் இதில் பாதி நமக்கு ஞாபகத்திலேயே இருந்திருக்காது என்பது என் எண்ணம். நல்ல மூளை எல்லாம் தட்டுப்பாட்டில்தான் வேலை செய்திருக்கிறது.


படுவான்கரை எழுதியது:

வயர்மேன் நானா, பஞ்சு, ஊதுபத்தி எல்லாம் சரி. தட்டுப்பாட்டால்தான் மூளை வேலை செய்கிறது என்பதைக் கூத்துக்குப் பொருத்த வேண்டாம். களரியில் தேர் இல்லை, குதிரை இல்லை, காடு இல்லை. காசு இல்லாமல் விட்டது என்று யாரும் நினைக்கவில்லை. வீமன் களரியை ஒரு சுற்றுச் சுற்றி ஆடினால் அவன் அத்தினாபுரத்தில் இருந்து வனத்துக்கு வந்துவிட்டான், மத்தளக்காரன் தாளத்தை மாற்றினால் சண்டை தொடங்கிவிட்டது. அதைப் பார்க்கிற கண்ணை ஊர் சின்ன வயசிலேயே பழக்கிவைக்கிறது. தேர் வாங்கிக் கொடுத்தாலும் அண்ணாவியார் களரிக்குள் விடமாட்டார். ஆடுகிறவன் காலில்தான் தேர் இருக்கிறது.

பாண்டிருப்புப் பெடியன் சொன்ன ஊரடங்கு விசயம் உண்மை. நாங்கள் பகலில் ஆடியும் பார்த்தோம், பகல் வெளிச்சத்தில் அது வேறு ஏதோ. ஆனால் மருமகன், சண்டை முடிந்து இத்தனை வருசம், இரவு திரும்பக் கிடைத்துவிட்டது. இப்போதும் பெடியள் கரப்புடுப்புக் கட்ட வெட்கப்படுகிறார்களே, அதற்கு ஊரடங்கு காரணமில்லை. என் சண்டை அதோடுதான்.


களரிக்கரை எழுதியது:

படுவான்கரை சொன்ன தேர் விசயத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. சோப்ரா எடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கிலாந்தின் பீட்டர் புரூக்கும் மகாபாரதம் செய்தார். முதலில் மேடை, 1985இல் பிரான்சின் அவிஞோன் விழாவில், ஒரு பழைய கல் குவாரிக்குள், கிட்டத்தட்ட ஒன்பது மணித்தியாலம். பிறகு 1989இல் ரீவிக்கும் படமாக்கினார்கள். அதில் தேர் என்றால் ஒரு சக்கரம், அவ்வளவுதான். ஒருத்தன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வருவான், நாம் தேரைக் காண்போம். நடிகர்கள் பல நாட்டுக்காரர். பீஷ்மர் மேற்கு ஆபிரிக்காவின் சோதிகி குயாத்தே, பரம்பரையாகக் கதை சொல்லுகிற குடும்பத்தில் பிறந்தவர். திரௌபதி மட்டும் இந்தியாவின் மல்லிகா சாராபாய். எனக்குத் தெரிந்த கூத்து அண்ணாவியார் ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன், ஒரு சொல் விளங்காவிட்டாலும் அந்தச் சக்கரத்தைக் கண்டதும் "இவன் நம்ம ஆள்" என்றார். சோப்ராவின் தேரைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னதில்லை.

ஆனால் சோப்ராவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, துகில் உரியும் காட்சி ஒன்று போதும். ரூபா கங்குலிக்கு வசனத்தை மட்டும் கொடுத்து நடி என்று விடவில்லை, அந்தப் பெண்ணின் நிலைமை என்ன என்று சோப்ரா உட்காரவைத்து விளக்கினாராம். 250 மீற்றர் அளவில் ஒரே சேலை தயார் செய்தார்கள். காட்சி முடிந்தும் அவரால் அழுகையை நிறுத்த முடியவில்லை, நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது என்று படக்குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். நம்ம பக்கத்தில் திரௌபதை தெய்வம். அந்தக் காட்சி வரும்போது ரீவிக்கு முன்னால் கும்பிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.


பாண்டிருப்புப் பெடியன் எழுதியது:

எங்கள் அம்மம்மா அந்தக் காட்சியைப் பார்க்கவே மாட்டார், எழும்பி உள்ளே போய்விடுவார். அம்மனை அப்படிப் பார்க்கக் கூடாது என்று.

ராவணனைப் பற்றி யாரும் எழுதவில்லையே? அரவிந்த் திரிவேதி முதலில் வந்தது படகோட்டி கேவட் வேடம் கேட்டு. குஜராத்தி நாடகமேடையில் பழகின ஆள். கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாராம், சாகர் அந்த நடையைப் பார்த்து, எனக்கு ராவணன் கிடைத்துவிட்டான் என்று கூப்பிட்டார். ராமனை ஏச வேண்டிய காட்சிகளுக்கு முன்னால் திரிவேதி விரதம் இருந்து மன்னிப்புக் கேட்பார் என்றும் படித்தேன். மனிதன் அவ்வளவு ராமபக்தன். அனுமனாக வந்த தாரா சிங் அப்போது அறுபதை நெருங்கிவிட்டார், உண்மையான மல்யுத்த வீரர்.


ரிஸ்னா எழுதியது:

எல்லாரும் இதிகாசத்திலேயே நிற்கிறீர்கள், ஓஷினை விட்டுவிட்டீர்கள். எங்கள் உம்மாவுக்கு மகாபாரதமும் ஒன்றுதான் ஓஷினும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒரே அழுகை. ரூபவாஹினி ஜப்பான் அரசின் உதவியோடு 1982 பெப்ரவரி 15இல் தொடங்கின நிலையம், ஓஷின் ஜப்பானின் என்.எச்.கே. நிலையம் 1983 ஏப்ரலில் தொடங்கி ஒரு வருசம் காலையில் போட்ட தொடர். ஒரு அத்தியாயம் 15 நிமிசம், மொத்தம் 297. ஒரு கட்டத்தில் அங்கே நூற்றுக்கு 62.9 வீதம் பேர் பார்த்திருக்கிறார்கள், ஜப்பான் நாடகம் ஒன்றுக்கு அதற்கு மேல் வந்ததில்லை. நமக்கு வந்தது சிங்களக் குரலில். எங்கள் தெருவில் சிங்களம் கொஞ்சம் விளங்கின ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார், அப்படித்தான் பார்த்தோம்.

எழுதினவர் ஹஷிதா சுகாகோ என்கிற பெண். ஓஷினாக மூன்று பேர். சின்னப் பிள்ளை கோபயாஷி அயாகோ, வளர்ந்தவள் தனாகா யூகோ, கிழவி ஒதோவா நொபுகோ. எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறது அந்தச் சின்னப் பிள்ளையைத்தான், ஆனால் அவள் வருகிறது முதல் நாற்பது அத்தியாயத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்பட்டு ஆற்றில் தெப்பத்தில் போவாளே, அது யமகாத்தாவில் மொகாமி ஆற்றில், உண்மையான பனியில் எடுத்தது. பத்து வயசுப் பிள்ளை. அந்தக் குளிரைக் கண்ணாலேயே உணரலாம், நம்ம ஊர் வெயிலில் இருந்துகொண்டு உம்மா பிள்ளைக்குக் குளிருதே என்று சேலைத் தலைப்பை இழுத்து என்னை மூடுவார்.

களரிக்கரை நானா, ஒரு கேள்வி. சிகண்டியாக வந்தவர் யார்? முகம் எங்கேயோ கண்ட முகம்.


களரிக்கரை எழுதியது:

அது பெயின்டல், ஹிந்திப் படங்களில் சிரிப்பு வேடங்களில் வருவார். அதே தொடரில் குசேலரும் அவர்தான். சகுனியாக வந்த கூபி பெயின்டலின் தம்பி.


படுவான்கரை எழுதியது:

கூபி பெயின்டலைப் பற்றிப் பேச்சு எடுத்ததால் சொல்கிறேன், என்னிடம் கேட்டால் அந்தத் தொடரின் அண்ணாவியார் அவர்தான். சகுனியாக ஆடினார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நடிகர் தெரிவே அவர் பொறுப்பு. சட்டம் கொடுத்தது அவர் கை. துரியோதனனுக்குக் கேட்ட முகேஷ் கன்னா அதை வேண்டாம் என்று கடைசியில் பீஷ்மராக நின்றார், வீமனுக்குக் கேட்ட புனீத் இஸ்ஸார் துரியோதனன்தான் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கினார், விதுரனுக்கு வந்த நிதீஷ் பரத்வாஜ் கிருஷ்ணனானார், அவர் படித்தது மிருக வைத்தியம். இதில் ஒன்று மாறியிருந்தாலும் தொடர் நொண்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வேடம் பொருந்தாமல் போனால் ஒத்திகையாக அடுக்குப் பார்க்கிற அன்றைக்கே தெரிந்துவிடும், அரங்கேற்றத்துக்கு முன்னால் மாற்றலாம். 94 அத்தியாயம் ஓடுகிற தொடரில் இடையில் மாற்ற ஏலாது. இத்தனை பேரையும் பொருத்திவிட்டு, சூதாடுகிறவன் வேடத்தைத் தனக்கு வைத்துக்கொண்டார் மனிதன்.

கரப்புடுப்புப் பற்றி நான் எழுதினதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. உங்கள் ஊர்களில் இப்போதும் கட்டுகிறார்களா, இல்லையா?